நான்கு நிமிட அடி

கல்லூரியில் கடைசி வருடம் நாங்கள் எடுத்த படத்தில் ஒரு மனிதன் நான்கு நிமிடம் அடி வாங்கிச் சாவான். படமே ஒன்பது நிமிடம்தான். மார்க்கெட்டில் ஒரு பர்ஸ் காணாமல் போகிறது. யாரோ ஒருவனைப் பிடிக்கிறார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் ஆளுக்கு ஒன்று போட்டுவிட்டுப் போகிறார்கள். தர்ம அடி என்று சொல்வோமே, அது. கடைசியில் பர்ஸ் வேறெங்கோ கிடைக்கும். அதற்குள் அவன் செத்திருப்பான். இவ்வளவுதான் கதை.

எழுதி இயக்கியவன் சென்னையிலிருந்து வந்து கோரமங்களாவில் பி.ஜி. விடுதி ஒன்றில் தங்கிப் படித்தவன். அவனை நாங்கள் டைரக்டர் என்றே கூப்பிடுவோம். அடி வாங்குகிறவனாக நடித்தவன் ஈஜிபுராக்காரன். வீட்டில் கன்னடம், தெருவில் தமிழ் என்று வளர்ந்தவன். வகுப்பில் எனக்கு மிக நெருங்கிய சிநேகிதன் அவன்தான். சவுண்டு என் பொறுப்பு. அதை வேறு யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் கேமராதான் வேண்டியிருந்தது. இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம் அது. எனக்கு இருபத்தொரு வயது.

மார்க்கெட்டுக்குப் பின்னால் தேங்காய் மூட்டை இறக்கும் சந்தில் ஒரு காலையில் ஷூட்டிங் வைத்தோம். எங்கள் வகுப்புப் பையன்கள் ஆறு பேர் அடிப்பதுபோல நடிக்க வேண்டும். கூட்டம் கேமராவைப் பார்த்துவிடக் கூடாது என்று டைரக்டர் ஒரு லாரியின் மேல் தார்ப்பாய்க்குள் ஒளிந்துகொண்டான். வினையே அதில்தான் வந்தது. அவன் கையைக் காட்டியதும் பையன்கள் ஈஜிபுராக்காரனை இழுத்துவந்து தரையில் தள்ளி, "கள்ளா! கள்ளா!" என்று கத்தினார்கள். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. மூட்டை தூக்குகிறவர்கள் இரண்டு பேர் தோளிலிருந்ததை இறக்கிவிட்டு வந்தார்கள். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருவர் அவன் தலைமுடியைப் பிடித்து நிமிர்த்த, மற்றவர் முகத்தில் ஓங்கிக் குத்தினார். கறிவேப்பிலைக் கட்டோடு வந்த ஒரு நடுத்தர வயதுப் பெண் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவன் விலாவில் இரண்டு உதை விட்டார். நடித்துக்கொண்டிருந்த ஆறு பையன்களும் பயந்து விலகிவிட்டார்கள். நானும் இன்னொருத்தியும், "ஷூட்டிங்! ஷூட்டிங்!" என்று கத்திக்கொண்டு ஓடினோம். லாரி மேலிருந்த கேமரா மட்டும் நிற்கவில்லை.

விலக்கி எடுத்தபோது அவன் உதடு கிழிந்து, முன்பல் ஒன்று பாதியாக உடைந்திருந்தது. சட்டையெல்லாம் ரத்தம். விஷயம் தெரிந்ததும் குத்தியவர் அவன் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "மொதலே ஹேள்பாரதா?" என்று அவனையே கடிந்துகொண்டு, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது அவன்தான் என்பதுபோல, மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

டைரக்டர் லாரியிலிருந்து குதித்து ஓடிவந்தான். "மச்சி, சாரிடா. சத்தியமா சாரி. ஆனா என்ன ஷாட்டுடா அது!"

ஈஜிபுராக்காரன் ரத்தத்தைத் துப்பிவிட்டு, "பல்லு கெடச்சா எடுத்து வை," என்றான்.

அன்று மதியம் கல்லூரியில் டேப்பைப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கேமராவில் செருகியிருந்த மைக்கின் ஒயர் உள்ளுக்குள் அறுந்திருந்தது. ஒரு சத்தமும் பதிவாகவில்லை. ஆறு பேர் நடித்த அடியும் மூன்று பேர் நிஜமாகக் கொடுத்த அடியும் ஒரே மாதிரி ஊமையாக ஓடின. மறுபடி எடுக்கலாமா என்று கேட்கக்கூட யாருக்கும் வாய் வரவில்லை. எல்லாச் சத்தத்தையும் நான் பிறகு சேர்க்க வேண்டும் என்று முடிவாயிற்று.

ஈஜிபுராக்காரனிடம் கத்துவதற்கு மட்டும் டப்பிங் பேச வரச் சொன்னோம். மாட்டேன் என்றான். "ஒரு தடவ வாங்கினது போதும். மைக் முன்னாடி நின்னு அத மறுபடி நெனச்சுக் கத்தணுமா? ஆகல்லப்பா. வேற ஏதாவது வேல குடு, செய்றேன்."

கல்லூரியில் எடிட்டிங்குக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர். ஒரு குழுவுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம். டைரக்டர் எங்கிருந்தோ சவுண்டு எஃபெக்ட்ஸ் சி.டி. ஒன்றைக் கொண்டுவந்தான். குத்து, அறை, உதை, எலும்பு முறிவு என்று வரிசையாக அதில் இருந்தது. படத்தில் கை முகத்தில் படுகிற இடத்தில் எல்லாம் அவற்றை வெட்டி ஒட்டினோம். விறகு பிளக்கிற மாதிரி, சாட்டை சொடுக்குகிற மாதிரி, ஒவ்வொரு அடியும் அறை முழுக்க அதிர்ந்தது. அடுத்த குழுவிலிருந்து எட்டிப் பார்த்த ஒருவன் சிரித்தான். எனக்கு உடம்பு கூசியது. போதாததற்கு டைரக்டர், தன் பி.ஜி.யில் கூடத் தங்கியிருந்த ஒருவன் வாசித்த வயலினை நான்கு நிமிடமும் மேலே பரப்பிவிட்டான். அது அழுது வடிந்தது.

"இப்படிச் சத்தம் வராது," என்றேன்.

"எது?"

"அடி. அடிச்சா இப்படிச் சத்தம் வராது. ரொம்பச் சின்னதா இருக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் மறுபடி அந்தக் குத்துச் சத்தத்தைப் போட்டான். இன்னும் சத்தமாக வைத்தான். மூன்றாவது தடவை போட்டபோது நான் ட்ரேயைத் திறந்து சி.டி.யை எடுத்து இரண்டாக உடைத்தேன். உடைந்த முனை கட்டைவிரலைக் கிழித்து கீபோர்டில் ரத்தம் சொட்டியது. டைரக்டர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "அப்ப நீயே பண்ணிக் கொண்டா," என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

எனக்கு எப்படித் தெரியும் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்றொன்றின் கடைசியில், காவிரித் தகராறில் ஊர் பற்றி எரிந்தபோது நாங்கள் பிறகு குடிபோன நீலசந்திராவில் இல்லை. ஊரின் மேற்குப் பக்கம், தமிழ்க் குடும்பங்கள் ஒன்றிரண்டே இருந்த ஒரு தெருவில் இருந்தோம். அப்பாவுக்குத் தெருமுனையில் இஸ்திரி வண்டி. கரிப்பெட்டி. ஆரணிப் பக்கத்திலிருந்து வந்து பன்னிரண்டு வருடமாக அதே முனையில்தான் தேய்த்துக்கொண்டிருந்தார். பஸ் எரிகிறது, கடை எரிகிறது என்று பேச்சு வந்தபோதும், "நம்மள எல்லாருக்கும் தெரியும்" என்று காலையில் கரி போட்டுப் பற்றவைத்தார். மதியம் வந்தார்கள். ஐந்து பேரோ ஆறு பேரோ. பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மா எங்கள் வீட்டுக்குள் ஓடிவந்து, அம்மாவையும் என்னையும் கையைப் பிடித்து இழுத்துத் தன் வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். என்னைக் கட்டிலுக்கு அடியில் போகச் சொன்னார். எனக்குப் பதினொரு வயது. கட்டிலுக்கு அடியிலிருந்து எதையும் பார்க்க முடியாது. கேட்க மட்டும் முடியும்.

அப்பா கத்தவே இல்லை. அதுதான் முதலில் நினைவு வருகிறது. கத்தினால் நாங்கள் வெளியே ஓடிவந்துவிடுவோம் என்று நினைத்தாரோ என்னவோ. அடி விழுகிற சத்தம், ஈர மெத்தையைச் சுவரில் போட்டால் வருமே, அப்படித்தான் இருந்தது. தொம், தொம் என்று. நடுவில் நீண்ட இடைவெளிகள். அடித்தவர்களுக்கு மூச்சு வாங்கியது, அது நன்றாகக் கேட்டது. யாரோ சிரித்தார்கள். வண்டியைக் கவிழ்த்தபோது வந்ததுதான் அன்று வந்ததிலேயே பெரிய சத்தம். இஸ்திரிப் பெட்டி கல்லில் விழுந்து திறந்து நெருப்பு கொட்டியது. அந்த நெருப்பில் அப்பாவின் காலை வைத்து மிதித்திருக்கிறார்கள். அதற்கு என்ன சத்தம் என்பதை நான் எழுதப்போவதில்லை.

அடித்தவர்களில் ஒருவன், காலையில் அப்பா தேய்த்துக் கொடுத்த சட்டையையே போட்டிருந்தான். கதவிடுக்கு வழியாக அம்மா அதைப் பார்த்திருக்கிறாள். அடுத்த வாரமே நீலசந்திராவுக்கு வந்துவிட்டோம். அப்பா அதன்பின் இஸ்திரிப் பெட்டியைத் தொடவில்லை. கோரமங்களாவில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனாகப் போனார். வலது கால் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்ததால் செருப்பின் முனையை வெட்டிப் போட்டுக்கொள்வார். அந்த நாளைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை.

சி.டி.யை உடைத்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலேயே சத்தத்தைப் பதிவு செய்வது என்று முடிவு செய்தேன். எங்கள் சந்தில் அமைதி என்பதே கிடையாது. குழாயடி, ஆட்டோ, கைக்குழந்தைகள், ஒலிபெருக்கி. ஆனால் அன்று இந்தியா விளையாடும் ஒருநாள் மேட்ச் இருந்தது. மேட்ச் நடக்கிற மதியத்தில் தெருவில் ஈ காக்கை இருக்காது. எல்லாரும் டி.வி. முன்னால் இருப்பார்கள். கல்லூரியிலிருந்து ஒரு கேசட் ரெக்கார்டரும் மைக்கும் வாங்கி வந்தேன். உதவிக்கு ஈஜிபுராக்காரன் வந்தான். உதட்டில் தையல் பிரித்த தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. எலும்பு முறிகிற சத்தத்துக்காகக் கரும்பு வாங்கிவரச் சொல்லியிருந்தேன். வழியிலேயே பாதியைத் தின்றிருந்தான்.

அடிப்பதற்கு ஆட்டுத்தொடை வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"துன்ற பொருள எதுக்குடி அடிக்கணும்? பாவம் புடிக்கும்," என்றாள் அம்மா. பழைய பஞ்சு மெத்தையை எடுத்துச் சுருட்டிக் கயிறு கட்டி, ஒரு வாளித் தண்ணீரை அதன்மேல் ஊற்றி, ஈர வேட்டியைச் சுற்றினாள். துணி துவைக்கிற மரக்கட்டையை என் கையில் கொடுத்தாள். பார்ப்பதற்கு ஒரு ஆள் படுத்திருப்பதுபோலத்தான் இருந்தது.

நான் நாலைந்து அடி அடித்தேன். ஹெட்ஃபோனில் கேட்டால் ஒன்றும் சரியில்லை. ஏதோ துணி துவைப்பதுபோல இருந்தது. ஈஜிபுராக்காரன் அடித்துப் பார்த்தான். அதுவும் சரியில்லை.

"குடு இங்க," என்று அம்மா கட்டையை வாங்கினாள். "இன்னாத்துக்கு இப்டி வேகமா அட்ச்சிக்கினு இருக்கீங்க? அவனுங்க நிதானமாத்தான் அட்ச்சானுங்க."

பத்து வருடத்தில் அன்றுதான் அம்மா முதல்முறையாக அதைப் பற்றிச் சொன்னாள். ஈஜிபுராக்காரன் என்னைப் பார்த்தான். அவனுக்கு எதுவும் தெரியாது. நான் ரெக்கார்டரை அழுத்தினேன்.

அம்மா ஓங்கி ஒரு அடி போட்டாள். நிறுத்தினாள். இன்னொன்று. ஹெட்ஃபோனில் அந்தத் தொம் வந்தது. அதே சத்தம். அடுத்தது, அதற்கடுத்தது என்று அடித்துக்கொண்டே போனாள். மூச்சு இரைக்க ஆரம்பித்தது. தலைமுடி அவிழ்ந்தது. "சட்டயத் தேச்சிக் குடுத்தாரே," என்றாள். ஒரு அடி. "சட்டயத் தேச்சிக் குடுத்தாரேடா." ஒரு அடி. அந்த நேரம் பார்த்து மேட்ச்சில் ஏதோ விக்கெட் விழுந்திருக்க வேண்டும். சந்து முழுக்க எல்லா வீடுகளிலிருந்தும் ஒரே நேரத்தில் 'ஓ'வென்று கூச்சல் எழுந்தது. விசில், கைதட்டல். அம்மா கட்டையைத் தூக்கியபடியே நின்று அதைக் கேட்டாள்.

"அன்னிக்கும் இப்டித்தான் கத்துனானுங்க," என்றாள். "கோவமாவா கத்துனானுங்க? குஷியா."

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த நிமிடத்தில் என் கண் ரெக்கார்டரின் முள்ளைத்தான் பார்த்தது. கூச்சல் நன்றாகப் பதிவாகிறதா என்று பார்த்தேன். அதன்மேல் கன்னடத்தில் இரண்டு மூன்று குரல் இருந்தால் படத்தின் கூட்டம் தயாராகிவிடும் என்று தோன்றியது. ஈஜிபுராக்காரனுக்குச் சைகை காட்டினேன். அவன் தயங்கினான். நான் மறுபடி காட்டினேன்.

"ஹொடீரோ! பிடபேட்ரோ!" என்று அவன் கத்தினான். அடியுங்கடா, விடாதீர்கள். நல்ல நடிகன் அவன். குரலை மாற்றி மாற்றி, நாலு பேர் கத்துவதுபோலக் கத்தினான். அம்மா அந்தக் குரலைக் கேட்டு அலறிக்கொண்டே அடித்தாள். அது அழுகையா ஆத்திரமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அப்பா அன்று சாப்பாட்டுப் பாத்திரத்தை மறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தார். அதை எடுக்க சைக்கிளில் வந்திருக்கிறார். சந்து முனையிலேயே அவருக்குக் கேட்டிருக்கிறது. தன் வீட்டுக்குள்ளிருந்து அடி விழுகிற சத்தமும், பெண்டாட்டியின் அலறலும், "ஹொடீரோ" என்ற ஆண் குரலும்.

கதவு உடைந்து திறந்தது. காக்கிச் சட்டையில் அப்பா நின்றார். கையில் செங்கல். அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. "அப்பா, இல்லப்பா!" என்று நான் சொல்வதற்குள் செங்கல் இறங்கிவிட்டது. ஈஜிபுராக்காரன் தலையை விலக்கிக்கொண்டதால் பிழைத்தான். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் விழுந்தது. ஒரு மண்சட்டியைத் தரையில் வைக்கிற அளவுக்குத்தான் சத்தம். அவன் முதலில் கத்தவில்லை. வாயைத் திறந்தபடி நின்றான். பிறகுதான் அந்த அலறல் வந்தது. முழங்காலிட்டு உட்கார்ந்தான். அப்பா இரண்டாவது தடவை ஓங்கினார். அம்மா கையிலிருந்த கட்டையால் அப்பாவின் மணிக்கட்டில் அடித்தாள். செங்கல் கீழே விழுந்தது. அப்போதும் அவர் நிற்கவில்லை. அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தார். நான் அவர் முதுகில் ஏறித் தொங்கினேன்.

"யோவ்! நம்ம பொண்ணு கூடப் படிக்கிற புள்ளய்யா!" என்று அம்மா கத்தினாள். "யாரும் அடிக்கலய்யா! மெத்தய்யா! மெத்தயத்தான் அட்ச்சேன்! பாருய்யா!"

அப்பா மெத்தையைப் பார்த்தார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த தரையைப் பார்த்தார். கையிலிருந்த முடியை விட்டார். "ஐயோ," என்றார். "ஐயோ, நானா?" சுவரோரம் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தன் தலையில் மாறி மாறி அடித்துக்கொள்ள ஆரம்பித்தார். பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆட்டோவில் நடுவில் அவன், ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் நான். ஒவ்வொரு பள்ளத்திலும் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான். அப்பா அவன் முழங்கையைத் தன் மடியில் தாங்கிப் பிடித்திருந்தார். ஆஸ்பத்திரியில், "ஹேகாயித்து?" என்று டாக்டர் கேட்டார். எப்படி ஆயிற்று? நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா எழுந்து நின்று சொல்லத் தயாரானார். அதற்குள் ஈஜிபுராக்காரன், "ஸ்டெப்ஸிந்த பித்தே, சார்," என்றான். படியிலிருந்து விழுந்துவிட்டேன். டாக்டர் அவன் உதட்டுத் தழும்பையும் பார்த்தார். "அதுவும் ஸ்டெப்ஸா?" என்றார் தமிழில். அவன் தலையாட்டினான்.

தோளின் முன்பக்கத்து எலும்பு முறிந்திருந்தது. கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.

அவன் வீட்டிலும் படியிலிருந்து விழுந்ததாகவே சொல்லிவிட்டான். அப்பாவால் அந்தப் பொய்யைத் தாங்க முடியவில்லை. இரண்டு நாள் கழித்து வேலை முடிந்து நேராக ஈஜிபுராவுக்குப் போய், அவன் அம்மா அப்பா முன்னால் நின்று, நான்தான் அடித்தேன் என்று சொல்லியிருக்கிறார். ஏன் என்றும் சொல்லியிருக்கிறார். எங்களிடம் பத்து வருடமாகச் சொல்லாததை, முன்பின் தெரியாத அந்த வீட்டில், தனக்கு நன்றாக வந்த கன்னடத்தில், செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டிச் சொல்லியிருக்கிறார். அவன் அப்பா கோபத்தில் இவர் சட்டையைப் பிடித்துச் சுவரில் சாய்த்துவிட்டு, முழுவதும் கேட்ட பின் விட்டிருக்கிறார். அவன் அம்மா காபி கொடுத்திருக்கிறார். இதெல்லாம் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இனி என் பங்கு.

அன்று யாரும் ரெக்கார்டரை நிறுத்தவில்லை. கேசட் முடிகிறவரை ஓடித் தானாக நின்றிருந்தது. புதன்கிழமை அதைக் கல்லூரிக்கு எடுத்துப்போய் ஹெட்ஃபோனில் கேட்டேன். எல்லாம் இருந்தது. அம்மாவின் மூச்சு, தெருவின் கூச்சல், கதவு, செங்கல். அப்புறம் ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லாமை. அதன்பின் அவன் அலறல். அப்பாவின் "ஐயோ, நானா?"

அழித்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். டைரக்டரை நான்தான் கூப்பிட்டேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. அவன் கேட்டுவிட்டு வெளிறிப்போனான். "இது வேணாம்," என்றான் முதலில். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு தடவ படத்துல வெச்சுப் பார்ப்போமா?" என்றான். மூட்டை தூக்குகிறவர் குத்துகிற அந்த ஷாட். நிஜமான குத்து. தலை திரும்புகிறது, வாய் திறக்கிறது, ஒரு மூச்சு நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அலறல். அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியது. அதைப் பார்த்த பின் என்னால் வேறு எதையும் வைக்க முடியவில்லை. அப்பாவின் குரலை மட்டும் கவனமாக வெட்டி எடுத்தேன். அடிகளுக்கு மேலிருந்த வயலினையும் எடுத்துவிட்டேன். டைரக்டர் சண்டை போட்டான். கடைசியில், பிணத்தைச் சுற்றி நின்ற கூட்டம் கலைந்த பிறகு காலிச் சந்து தெரிகிற இடத்தில் அரை நிமிடம் வயலின் வரலாம் என்று ஒத்துக்கொண்டேன். ஈஜிபுராக்காரனிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பான் என்று பயம்.

கல்லூரி அரங்கத்தில் ஒரு முற்பகலில் திரையிட்டார்கள். பெற்றோர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் அப்பாவைக் கூப்பிடவில்லை. ஈஜிபுராக்காரன் கூப்பிட்டிருந்தான். கையில் கட்டோடு அவன் என் அப்பாவைக் கூட்டிவந்து மூன்றாவது வரிசையில் தன் பக்கத்தில் உட்காரவைத்ததை நான் பின்னால் புரொஜெக்டர் பக்கத்திலிருந்து பார்த்தேன். எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். நிறுத்தியிருக்கலாம். விளக்கு அணைந்தது.

அடி தொடங்கியபோது அரங்கத்தில் சிலர் நெளிந்தார்கள். கூச்சல் வந்ததும் ஒருவர் கைதட்டப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டார். குத்து விழுந்தது. அந்த ஒரு மூச்சு. அலறல். முன்வரிசையில் ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டார். மூன்றாவது வரிசையில் அப்பா எழுந்து நின்றார். அவர் தலையின் நிழல் திரையில் விழுந்தது. "உட்காருங்க சார்," என்றார்கள். அவர் எல்லாருடைய காலையும் மிதித்துக்கொண்டு வெளியே போனார். பின்னாலேயே அவனும் போனான்.

நான் வராந்தாவுக்கு ஓடினேன். அப்பா திரும்பினார். "இது யார் வேல?" என்று கேட்டார்.

"நான்தாம்பா."

அப்பா என்னை அறைந்தார். அதுவரை என்மேல் அவர் கை பட்டதில்லை. காது குப்பென்று அடைத்தது. கன்னத்தின் உட்புறம் பல்லில் கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. உடனே அவர் அந்தக் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார், ஏதோ அதை அடக்குவதுபோல. பிறகு நொண்டி நொண்டிப் படியிறங்கிப் போய்விட்டார்.

ஈஜிபுராக்காரன் தூணில் சாய்ந்து நின்றான். அழுகிறானா என்று பார்த்தேன். அழவில்லை.

"அங்கிள் வாய்ஸ் மட்டும் கட் பண்ணிட்ட, அல்வா?" என்றான் கன்னடத்தில், இல்லையா என்று.

"ம்."

"அது யாரோடதுன்னு யாருக்கும் தெரியாது. என் வாய்ஸ் எல்லாருக்கும் தெரியும். நாளைக்கு எங்கம்மா இந்தப் படத்தப் பாப்பாங்க. அவங்களுக்குத் தெரியாதா, இது ஆக்டிங் இல்லன்னு?"

நான் மன்னிப்புக் கேட்டேன். என்ன வார்த்தை சொன்னேன் என்று நினைவில்லை. அவன் கேட்டுக்கொண்டானா என்றும் தெரியவில்லை.

"எடுத்துடு," என்றான். "நானே கத்தித் தர்றேன்."

அவன் எலும்பு கூடுவதற்கு ஆறு வாரம் ஆயிற்று. அதுவரை அப்பா வாரம் ஒரு தடவை ஈஜிபுராவுக்குப் போய்வந்தார். என்னோடு பேசவில்லை. வீட்டில் மூன்று பேரும் அடுத்த அறையில் யாரோ தூங்குவதுபோல மெதுவாக நடமாடினோம். படத்தை ஏதோ ஒரு மாணவர் விழாவுக்கு அனுப்ப வேண்டும் என்று டைரக்டர் துடித்துக்கொண்டிருந்தான். பழைய அலறலோடுதான் அனுப்புவேன் என்றான். நான் எடிட்டிங் அறையில் அவன் இல்லாத இரண்டு மணி நேரத்தில், அந்த அலறலைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தேன். கேசட்டின் நாடாவை உருவி எடுத்துக் கத்தரித்தேன். அவன் வந்து பார்த்ததும் நாற்காலியை உதைத்தான். அது என் முழங்காலில் வந்து மோதியது. அதன்பின் கல்லூரி முடிகிறவரை அவன் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

கட்டுப் பிரித்த வாரம் ஈஜிபுராக்காரன் வந்தான். அறையின் ஜன்னல்களில் போர்வை தொங்கவிட்டு, மைக்கை அவன் முன்னால் வைத்தேன். திரையில் அவன் முகத்தில் குத்து விழுந்தது. அவன் கத்தினான். நாடகத்தில் கத்துவதுபோல இருந்தது. மறுபடி கத்தினான். சீக்கிரம் கத்திவிட்டான். மூன்றாவது தடவை குரல் பிசிறியது. நான்காவது தடவை கண்ணை மூடிக்கொண்டு, முறிந்து கூடிய தோளை இடது கையால் பிடித்துக்கொண்டு கத்தினான். ஓரளவு பொருந்தியது. நன்றாக இல்லை. எவரும் காதைப் பொத்த மாட்டார்கள். இன்னும் நாலைந்து தடவை முயன்றால் நன்றாக வரலாம் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

"போதுமா?" என்றான்.

"போதும்," என்றேன்.